கேம் மாஸ்டர் தயாரிக்க வேண்டியது கேள்விகளை

டேபிள்டாப் ரோல்பிளேயிங் கேம், அதாவது மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசிக் கதையை நகர்த்தும் விளையாட்டு, நடத்திக் கொடுப்பது என் தொழில். அப்படி நடத்துபவருக்குப் பெயர் கேம் மாஸ்டர். ஒருவரையொருவர் அறியாத நான்கைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்காருவார்கள். ஆளுக்கொரு கேரக்டர், ஆளுக்கொரு செட் பகடை. அந்தக் கேரக்டர்களைத் தவிர அந்த உலகத்தில் இருக்கிற மற்ற எல்லாமே, காவலாளி முதல் கடவுள் வரை, என் பொறுப்பு. "ராத்திரியெல்லாம் உட்கார்ந்து கதை எழுதுவீங்களா?" என்று பலரும் கேட்கிறார்கள். நான் எழுதிக்கொண்டு போவது பெரும்பாலும் கேள்விகளைத்தான். கதையில் பாதிக்கு மேல் விளையாட வருகிறவர்களிடமிருந்தே வர வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். அதை வரவழைப்பதுதான் இந்த வேலையில் கடினமான பகுதி, எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் அதுவே.

"என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள், உங்கள் கற்பனைக்கு எல்லையே இல்லை" என்று தொடங்கினால் மேசை உறைந்துபோகும். புதியவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். அவர்களுக்குக் கற்பனை இல்லையென்று நினைத்துவிடக் கூடாது. கேள்வி அவ்வளவு பெரியது, அதில் பிடித்துக்கொள்ள ஒரு நுனிகூட இல்லை. "இந்த ஊர் எப்படி இருக்கும்?" என்பதும் அதே வகைதான். அதற்குப் பதிலாக, "சத்திரக்காரர் உங்களைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். போன முறை அவரிடம் எதை வாங்கிக்கொண்டு போய்த் திருப்பித் தரவில்லை?" என்று கேட்டுப் பாருங்கள். சில நொடிகளில் பதில் வரும்: "அவரோட குதிரையை." எதிரே உட்கார்ந்திருப்பவர் சிரித்துக்கொண்டே, "அய்யோ, அந்தக் குதிரையை நான் வித்துட்டேனே!" என்பார். இப்போது சத்திரக்காரருக்கு ஒரு மனக்குறை இருக்கிறது, இரண்டு கேரக்டர்களுக்கு நடுவே ஒரு பழைய கணக்கு இருக்கிறது, தேடிக் கண்டுபிடிக்க ஒரு குதிரையும் இருக்கிறது. நான் எழுதி வைத்திருந்தது ஒரே ஒரு வரி.

அந்தக் கேள்விக்குள் ஒரு செய்தி ஏற்கெனவே ஒளிந்திருப்பதைக் கவனியுங்கள். எதையோ வாங்கினீர்கள், திருப்பித் தரவில்லை; அது முடிவாகிவிட்டது. மிச்சத்தை நிரப்ப வேண்டியது மட்டும்தான் வீரரின், அதாவது விளையாடுகிறவரின், வேலை. 2010இல் வெளிவந்த அபோகலிப்ஸ் வேர்ல்ட் விளையாட்டு, சீண்டுகிற மாதிரிக் கேள்வி கேட்டு, கிடைத்த பதிலின் மேல் கட்டியெழுப்புவதை ஆட்டம் நடத்துபவர் பின்பற்ற வேண்டிய கொள்கைகளில் ஒன்றாகவே எழுதி வைத்தது. அதன் வழியில் 2012இல் வந்த டஞ்சன் வேர்ல்ட், வரைபடம் வரையும்போது வெற்றிடங்களை விட்டுவை என்று சொன்னது.

இதையெல்லாம் புதுப் பழக்கம் என்று அலுத்துக்கொள்பவர்களும் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. 1960களின் கடைசியில் மினசோட்டாவில் டேவிட் வெஸ்லி என்பவர் பிரவுன்ஸ்டைன் என்ற கற்பனை ஊரை வைத்து ஒரு போர் விளையாட்டு நடத்தினார். நெப்போலியன் காலத்துச் சூழல். வழக்கமான படைத்தளபதிகளோடு, ஊரில் உள்ளவர்களின் வேடங்களையும் ஆளாளுக்குக் கொடுத்து, ஒவ்வொருவருக்கும் தனித்தனி நோக்கமும் கொடுத்திருந்தார். போர் தொடங்கும் முன்பே அவர்கள் தங்களுக்குள் ரகசியமாகப் பேசி, சதி செய்து, அவர் எதிர்பாராத திசைகளில் போய்விட்டார்கள். ஆட்டம் கெட்டுவிட்டது என்று அவர் நினைத்தார். விளையாடியவர்களோ இன்னொன்று வேண்டும் என்று கேட்டார்கள். அந்த வட்டத்தில் இருந்த டேவ் ஆர்னெசன் அதைப் பிளாக்மூர் என்ற தன் கற்பனை உலகத்துக்குக் கொண்டுபோனார். பிறகு அவரும் கேரி கைகாக்ஸும் சேர்ந்து உருவாக்கிய டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற ரோல்பிளேயிங் கேம் 1974இல் வெளிவந்தது. வீரர்கள் கதையைத் தங்கள் கையில் எடுத்துக்கொண்டதிலிருந்துதான் இந்தக் கலையே பிறந்தது என்று நான் நம்புகிறேன்.

சரி, அப்படியானால் எல்லாவற்றையும் கேட்டுவிடலாமா? கூடாது. கொலையாளியைத் தேடுகிற கதையில் "கொலையாளி யார் என்று நீங்களே சொல்லுங்கள்" என்றால் அங்கேயே ஆட்டம் முடிந்தது. சிக்கலை உண்டாக்குவதும் அதைத் தீர்ப்பதும் ஒரே ஆள் என்றால் விளையாட்டில் சுவை இருக்காது என்பது விளையாட்டு வடிவமைப்பாளர்களிடையே நன்கு தெரிந்த கருத்து. ஜேசன் மார்னிங்ஸ்டார் உருவாக்கி 2009இல் வெளிவந்த ஃபியாஸ்கோ என்ற விளையாட்டில் கேம் மாஸ்டரே கிடையாது. ஆனால் இந்தச் சிக்கலை அது அழகாகக் கையாள்கிறது. உங்கள் முறை வரும்போது, காட்சியை நீங்கள் அமைக்கலாம், அல்லது அது நல்லபடி முடிகிறதா கெட்டபடி முடிகிறதா என்று முடிவு செய்யலாம். இரண்டில் ஒன்றுதான். நீங்கள் எடுக்காததை மற்றவர்கள் எடுத்துக்கொள்வார்கள்.

கேம் மாஸ்டர் உள்ள மேசையிலும் இதைக் கடைப்பிடிக்கலாம். கேரக்டருக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கக்கூடியதை நான் கேட்கிறேன். அவர் கண்டுபிடிக்க வேண்டியதை என்னிடமே வைத்துக்கொள்கிறேன். எந்தக் காவலாளி லஞ்சம் வாங்குவான் என்று திருடனிடம் கேட்கலாம். இறுதிச் சடங்கில் எதைச் செய்யாவிட்டால் ஆவி சாந்தியடையாது என்று பூசாரியிடம் கேட்கலாம். கொலைக் கதையிலும், "இறந்துபோனவர் உங்களிடம் கடைசியாக என்ன உதவி கேட்டார், நீங்கள் ஏன் மறுத்தீர்கள்?" என்று கேட்பேன். கொலையாளியின் பெயர் என் காகிதத்திலேயே பத்திரமாக இருக்கும். கொலையாளியைப் பிடித்தே தீர வேண்டும் என்ற தவிப்பு மட்டும் அவரிடமிருந்து வந்திருக்கும்.

பதில் வரம்பு மீறிப் போவதும் உண்டு. "ராஜா எங்க மாமா" என்று ஒருவர் சொல்லிவிடுவார். இல்லை என்று நான் சொல்வதில்லை. "அப்படியா! பிறகு ஏன் அவர் சபையில் உங்களைத் தெரியாதவர் மாதிரி நடந்துகொள்கிறார்?" என்று அடுத்த கேள்வியைப் போடுவேன். உறவு அப்படியே இருக்கும், அதன் வசதி மட்டும் போய்விடும். பல நேரங்களில் அந்த இரண்டாவது பதிலில்தான் உண்மையான கதை இருக்கிறது.

கேட்டுவிட்டுப் பதிலை மறந்துபோவதைவிடக் கேட்காமலே இருக்கலாம். வீரர் சொல்வதையெல்லாம் சின்ன அட்டைகளில் அவர் பெயரோடு எழுதி வைக்கிறேன். தொடர்ந்து விளையாடிய ஒரு குழுவில் ஒரு பெண் தன் கேரக்டரின் கிராமத்தைப் பற்றிப் பேசும்போது, அங்குள்ள கோபுர மணியை யாரும் அடிக்க மாட்டார்கள் என்று போகிற போக்கில் சொன்னார். ஏன் என்று கேட்டேன். அதை அடித்த நாளில்தான் தன் அண்ணன் காணாமல் போனான் என்றார். அவ்வளவுதான், ஆட்டம் வேறு பக்கம் நகர்ந்துவிட்டது. வாரங்கள் கழித்து எதிரிப் படை இரவில் அந்தக் கிராமத்தை நோக்கி வந்தது. ஊரை எழுப்ப வேறு வழியே இல்லாதபடி காட்சியை அமைத்தேன். "மணி இருக்கிறது" என்று மட்டும் சொன்னேன். அவர் உடனே எழுந்து நின்றுவிட்டார். மற்றவர்கள் அடிக்கச் சொன்னார்கள், அவருடைய கேரக்டர் முடியாது என்றது. அந்த வாக்குவாதத்தில் நான் வாயே திறக்கவில்லை. கடைசியில் இன்னொரு வீரரின் கேரக்டர் அவர் கையைப் பிடித்துக்கொள்ள, இருவரும் சேர்ந்து கயிற்றை இழுத்தார்கள். நான் எழுதி எடுத்துப்போன எந்தக் கதையும் அந்த மேசையை அப்படிப் பிடித்ததில்லை. அந்த மணி அவருடையது, பயமும் அவருடையது. நான் செய்தது சரியான நேரத்தில் அதை எடுத்து நடுவில் வைத்ததுதான்.

சத்தமாகப் பேசுகிற ஒருவர் எல்லாக் கேள்விகளையும் விழுங்கிவிடுவது இந்த வேலையில் அன்றாடப் பிரச்சினை. பென் ராபின்ஸ் உருவாக்கிய மைக்ரோஸ்கோப் என்ற விளையாட்டில் எனக்குப் பிடித்த விதி ஒன்று உண்டு: ஒருவர் தன் முறையில் ஏதாவது உருவாக்கும்போது மற்றவர்கள் யோசனை சொல்லக் கூடாது. முதலில் கேட்கும்போது கொஞ்சம் கடுமையாகத் தெரியும். ஆனால் கூச்சமுள்ளவர்களுக்கு இதைவிடப் பெரிய பாதுகாப்பு இல்லை. நான் கேரக்டரின் பெயரைச் சொல்லிக் கேட்பேன், பிறகு காத்திருப்பேன். யாராவது உதவிக்கு வந்தால், "இது அவருக்கான கேள்வி, விட்டுடுங்க" என்று சிரித்துக்கொண்டே தடுப்பேன். மௌனம் நீண்டால் பதற்றமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

உருவாக்குவதில் ஆசையே இல்லாதவர்களும் வருகிறார்கள். அவர்கள் ஒரு உலகத்துக்குள் நுழைந்து அதைக் கண்டறிய விரும்புகிறவர்கள், "இந்தக் கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது?" என்று அவர்களிடமே கேட்டால் மாயை கலைந்துவிடும். அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. அவர்களுக்கு இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிற சிறிய கேள்விகள் போதும்: இந்த வாள் அம்மா கொடுத்ததா, எதிரியிடமிருந்து பறித்ததா? காசு கொடுத்து வந்துவிட்டு நாங்களே ஏன் உழைக்க வேண்டும் என்று நேராகக் கேட்டவர்களும் இருக்கிறார்கள். நியாயமான கேள்விதான். அதனால் என் மேசையில் எந்தக் கேள்விக்கும் "நீங்களே சொல்லுங்க" என்பது முழு மதிப்புள்ள பதில். ஆனால், திரும்ப வந்து விளையாடுகிறவர்கள் நினைவுகூர்ந்து பேசுவது பெரும்பாலும் தாங்கள் உண்டாக்கியதைப் பற்றித்தான்.

கதையை எல்லோர் கையிலும் கொடுக்கும்போது ஒருவருடைய கற்பனை இன்னொருவரின் காயத்தைத் தொட்டுவிடலாம். அறிமுகமில்லாதவர்கள் கூடும் மேசையில் இது சாதாரண விஷயம் இல்லை. எந்தெந்த விஷயங்கள் கதையில் வரவே கூடாது என்று முதல் ஆட்டத்துக்கு முன்பே பேசிக்கொள்கிறோம். ஜான் ஸ்டாவ்ரோபௌலோஸ் உருவாக்கிய எக்ஸ் கார்டும் மேசை நடுவில் இருக்கும். யார் அதைத் தொட்டாலும் அந்தப் பகுதியை எடுத்துவிட்டு மேலே போவோம், யாரும் காரணம் கேட்கக் கூடாது.

ஆட்டம் முடிந்து பகடைகளை எடுத்து வைக்கும்போது ஒவ்வொருவரிடமும் இன்னொரு கேள்வி கேட்கிறேன்: "இன்னைக்கு வேற ஒருத்தர் சொன்னதுல எது அடுத்த தடவை திரும்ப வரணும்?" தன்னுடையதைச் சொல்ல அனுமதி இல்லை. அடுத்த ஆட்டத்துக்கான தயாரிப்பை அந்தப் பதில்களிலிருந்துதான் தொடங்குகிறேன்.