சூடானா குளிர வைக்க வேண்டியதுதானே?

என் ஆராய்ச்சி என்னான்னு கேக்குறவங்களுக்கு இனிமே இந்த லிங்க்கத்தான் அனுப்பப் போறேன், லீவுக்கு சுங்கை சிப்புட் வந்தாலே ஒட்டுக்கடையில தே தாரிக் ஆறிப்போற வரைக்கும் இதையே வெளக்க வேண்டியிருக்கு.

விஷயம் இதான். ஒலி வேகத்த போல ஆறு மடங்குல, அதாவது மாக் 6ல, ஒரு கூம்பு பறக்குதுன்னு வைங்க. அதோட தோல ஒட்டி ஒருசில மில்லிமீட்டர் கனத்துக்கு ஒரு காத்துப் படலம் ஓடும். எல்லைப்படலம்னு பேரு. அது அடுக்கடுக்கா ஒழுங்கா ஓடுற வரைக்கும் சரி, கொழம்பி சுழல ஆரம்பிச்சா தோல்ல ஏறுற சூடு பல மடங்காயிடும். எந்த எடத்துல கொழம்பும்னு கண்டுபிடிக்கிறதுதான் எங்க பொழப்பே.

எஸ்டேட் லோரிக்கெல்லாம் மெக்கானிக்கா இருந்த எங்க மாமா கேட்டாரு: "சூடாகுதுன்னா குளிர வச்சிட்டா முடிஞ்சிச்சேப்பா?"

"குளிர வச்சா இன்னும் மோசமாயிடும் மாமா"ன்னேன். ஒரு மாதிரி பாத்தாரு.

1960கள்லயே அமெரிக்காவுல லெஸ்லி மேக்னு ஒரு விஞ்ஞானி இத கணக்குப் போட்டுக் காட்டிட்டாரு. படலத்துக்குள்ள சின்னச் சின்ன அலைங்க வளர்ந்துதான் அது கொழம்பும், அந்த அலை வகைக்குப் பேருதான் மோட். வேகம் கம்மியா இருக்கிறப்ப வளர்ற அலை, முதல் மோட், சுவர் குளிர்ந்தா அடங்கிடும். மாக் 4 தாண்டினா இரண்டாவது மோட்தான் ராஜா. அது அசல்ல சத்தம்தான், சுவருக்கும் படலத்துக்குள்ள இருக்கிற ஒரு எல்லைக்கும் நடுவுல மாட்டிக்கிட்டு மோதி மோதியே வளரும், நம்ம காதுக்கு 20,000 ஹெர்ட்ஸ்தான் எட்டும், இது லட்சக்கணக்குல போவும். சுவர குளிர வச்சா படலம் மெலிசாயிடும், அலை இன்னும் வேகமா வளரும்.

இத விண்ட் டன்னல்ல, அதாவது காத்த வேகமா அடிச்சு சோதிக்கிற குழாய்ல, பாக்குறதும் தலைவலி. டன்னல் சுவத்து இரைச்சலே கூம்போட படலத்த சீக்கிரம் கெடுத்துடும், அதுக்குன்னே பர்டூ பல்கலைக்கழகத்துல சத்தமில்லாத மாக் 6 டன்னல் இருக்கு. 2010ல ஆஸ்திரேலியா வூமெராவுல 7 டிகிரி கூம்ப ராக்கெட்டுலயே ஏத்தி அனுப்பிப் பாத்தாங்க.

எனக்குப் பிடிச்சது அமெரிக்காவுல கால்டெக்ங்கிற கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்துல செஞ்ச சோதனை. கூம்புல ஒரு பாதி வழவழன்னு, மறு பாதி முழுக்க தலைமுடி கனத்துக்குத் துளை துளையா. அந்தத் துளைங்க சத்தத்த உறிஞ்சிடும். வழவழ பக்கம் கொழம்பினப்பகூட துளைப் பக்கம் ஒழுங்கா ஓடுச்சு.

"சைலென்சர்னு மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல. சரி, ஓட்ட அடைச்சிக்கிட்டா?"ன்னாரு மாமா. நல்ல கேள்வி, வழவழன்னு பதில் சொல்ல முடியாது. துளையும் வேணும், அந்த சூட்டையும் தாங்கணும், அதனால ஜெர்மனிக்காரங்க தானாவே நுண்துளை இருக்கிற, சூடு தாங்குற கார்பன் பொருள கூம்புல பொருத்தி சோதிச்சிருக்காங்க, அதுலயும் அலை அடங்குது.