நாலாவது ஊசிக்கு முன்னால்

எங்கள் ஜெர்சி கலப்புப் பசு இரண்டாவது கன்று போட்டு ஆறு மாதமாகியும் சினை நிற்கவில்லை. சினை ஊசி (செயற்கைக் கருவூட்டல்) போட்டு 21 நாள் ஆனால் கட்டுத்தறியில் மறுபடி கத்த ஆரம்பித்துவிடும். இப்படி மூன்று தடவை. நேரம் தவறவும் இல்லை. கண்ணாடி மாதிரி வழும்பு வடிவதைக் காலையில் பார்த்தால் சாயங்காலம் ஊசி போட்டாகிவிடும்.

வாழப்பாடிப் பக்கம் எங்கள் ஊர். சேகோ (ஜவ்வரிசி) ஆலையிலிருந்து வரும் மரவள்ளித் திப்பிதான், அதாவது மாவு எடுத்த சக்கைதான், இங்கே மலிவான தீனி. திப்பி, சோளத்தட்டு, கொஞ்சம் தவிடு, அவ்வளவுதான். பால் 14 லிட்டர் வந்தது, மாடு இளைத்தது. பால் மாடு இளைக்கத்தானே செய்யும் என்று விட்டுவிட்டேன்.

வந்த கால்நடை டாக்டர் ஊசியைப் பற்றிக் கேட்கவே இல்லை. விலாவில் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, "மூணு மாசத்துக்கு முன்னாடி என்ன போட்டீங்க?" என்றார். இன்றைக்கு வெளிவரும் கருமுட்டை பல வாரங்களுக்கு முன்பே வளர ஆரம்பித்ததாம். கன்று போட்ட மாடு, தீனி பற்றாமல் தன் உடம்புக் கொழுப்பையே கரைத்துப் பால் கொடுக்கிறது. கரைந்த கொழுப்பு அமிலங்கள் இரத்தம் வழியாகக் கருமுட்டையைச் சுற்றியுள்ள நீருக்கும் போய்ச் சேர்கின்றன. அதில் பால்மிடிக், ஸ்டியரிக் அமிலங்கள் மிகுந்தால் முட்டை சரியாக முதிராது. ஒலியிக் என்ற இன்னொரு கொழுப்பு அமிலம் அந்தக் கெடுதலைக் குறைப்பதை ஆய்வகத்தில் பார்த்திருக்கிறார்கள் என்றும் சொன்னார்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். கடலை எண்ணெயில் ஒலியிக் அதிகம் என்று எங்கோ படித்த ஞாபகம். மறுநாளே ஒரு சொம்பு எண்ணெயைத் தவிட்டில் ஊற்றிவிட்டேன். சாயங்காலம் மாடு அசை போடவில்லை, சாணி தண்ணீராகப் போனது. டாக்டரிடம் போனில் நல்ல திட்டு. முதல் வயிற்று நுண்ணுயிர்கள் ஒலியிக்கையே பெருமளவு ஸ்டியரிக்காக மாற்றிவிடுமாம்! போதாததற்கு, எண்ணெய் படிந்தால் தட்டும் செரிக்காது.

கடைசியில் பைபாஸ் கொழுப்பு, தினமும் 100 கிராம். கால்சியத்தோடு சேர்த்திருப்பதால் முதல் வயிற்றில் பெரும்பாலும் கரையாமல் தாண்டிவிடும். "இதுவும் பால்மிடிக் நிறைஞ்ச பாமாயில்ல செய்யுறதுதானுங்களே?" என்று மடக்கினேன். "திங்கறதை விட, உடம்புல இருந்து கரையறதுதாங்க இப்ப பிரச்சினை. தெம்பு வெளியிலிருந்து வந்தா, அது கரையறது குறையும்" என்றார். திப்பியைப் பாதியாக்கி மக்காச்சோளமும் கடலைப் புண்ணாக்கும் சேர்த்தோம், தாது உப்பு 50 கிராம். பைபாஸ் கொழுப்பு சோப்பு வாடை அடிக்கும், முதல் வாரம் மாடு மூஞ்சியைத் திருப்பிக்கொண்டது. அம்மா வெல்லம் கரைத்துப் பிசைந்த பிறகுதான் தின்றது.

இடையில் வந்த பருவங்களை விட்டுவிட்டு, மூன்றாம் மாதம்தான் ஊசி. 21-ஆம் நாள் ராத்திரி தூங்கவே இல்லை. மாடு சத்தமே போடவில்லை. 70-ஆம் நாள் டாக்டர் கையை உள்ளே விட்டுப் பார்த்தார், உறையைக் கழற்றியபடியே "நிக்குதுங்க" என்றார். தீனியாலா, நாலாவது ஊசியின் அதிர்ஷ்டமா என்று பக்கத்துத் தோட்டத்து அண்ணன் இன்னும் கேட்கிறார். ஒரே மாட்டை வைத்து நான் என்ன சொல்ல? பைபாஸ் கொழுப்பு எந்தக் கடையில் வாங்கியது என்று மட்டும் அவரே விசாரித்துக்கொண்டு போனார்.