பல்கனியில் ஆறு சாடி, ஐந்து மாதம்

கொழும்பு வெள்ளவத்தையில் கடலைப் பார்த்த மூன்றாம் மாடி எங்கள் வீடு. போன வருடம் வாங்கிய ரோஜா இரண்டும் மே மாதக் காற்றில் கருகிவிட்டன. தென்மேல் பருவக்காற்று உப்பையும் சேர்த்தே கொண்டுவருகிறது. கண்ணாடியைத் துடைத்தால் துணி பிசுபிசுக்கும். பூ வேண்டாம், காற்றுக்கு ஆடுகிற புல்லும் இலைக்கே அழகான செடியும் போதும் என்று இந்த ஜனவரியில் தொடங்கினேன்.

முதல் சறுக்கல் பெயரில். கன்றுக் கடையில் புல் என்று கேட்டால், நீளமாக ஒல்லியாக இருப்பது எதையும் எடுத்துத் தருகிறார்கள். நான் வாங்கி வந்த மூன்றில் ஒன்றுதான் உண்மையான புல். தண்டை விரல்களுக்கிடையில் வைத்து உருட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். புல்லின் தண்டு வழுக்கிக்கொண்டு உருளும், இடையில் கணு முட்டும், கணுக்களுக்கு நடுவே பெரும்பாலும் கோறை, அதாவது உள்ளே வெறுமை. குடைபோல் இலை விரித்திருந்த அடுத்தது சரியாக உருளவில்லை. மேல்பகுதியில் மூன்று பக்கம் தட்டுப்பட்டது, கணுவே இல்லை, ஒடித்தால் உள்ளே வெள்ளைச் சோறு. அது கோரை. கோரைக்குள் கோறை இல்லை என்று மனதில் போட்டுக்கொண்டேன், இனி மறக்காது.

மூன்றாவது மொண்டோ புல். அதற்குத் தண்டென்று ஒன்றுமே இல்லை, இலை எல்லாம் அடியிலிருந்தே கற்றையாக வருகிறது. மார்ச்சில் இளஊதாப் பூ எட்டிப் பார்த்தது. தேடினால் சாத்தாவாரியின் குடும்பமாம்! வெயிலில் வைத்ததில் நுனியெல்லாம் பழுப்பாகிவிட்டது. மாடிப்படி நிழலுக்கு மாற்றினேன், இப்போது பரவாயில்லை.

அந்த ஒரே புல் செந்நிறப் பெனிசெட்டம். ஏப்ரலில் அணில்வால் மாதிரிக் கதிர் விட்டது. மாலை வெயில் பின்னாலிருந்து விழும்போது ஒவ்வொரு மயிரும் தனித்தனியே மின்னும்; தேநீர் ஆறிப்போகும்வரை பார்த்துக்கொண்டிருப்பேன். வாங்குபவர்கள் நிறத்தைப் பார்த்து வாங்குங்கள். இந்தக் கருஞ்சிவப்பு வகை விதை வைப்பது அரிது. பச்சை நிற வகையின் விதை காற்றில் பறந்து முளைக்கும். ஹவாயில் அது பெரிய தலைவலி. நம் ரயில் பாதை ஓரத்துக் கினிப்புல்லும் ஆபிரிக்காவிலிருந்து வந்து பரவியதுதானே.

மண் கலவை: செம்மண் இரண்டு பங்கு, தும்புத்தூள் ஒன்று, கூட்டெரு ஒன்று. தும்புத்தூளைக் கூட்டியபோது மழை நாட்களில் சாடி காயவே இல்லை, பிறகு கொஞ்சம் ஆற்று மணல் சேர்த்தேன்.

கீழ்வீட்டு அன்ரி ஒருநாள் மேலே வந்தார். "தம்பி, உங்கட சாடித் தண்ணி எங்கட உடுப்பில விழுது." உடனே எல்லாச் சாடிக்கும் தட்டு வைத்தேன். பத்து நாளில் தட்டில் நுளம்புக் குடம்பி நெளிந்தது. 2007ஆம் ஆண்டுச் சட்டப்படி நுளம்பு பெருக இடம்விடுவதே குற்றம், அதைவிட டெங்கு பயம். இப்போது தட்டு நிறையச் சல்லிக்கல், காலையில் தேங்கிய தண்ணீரைக் கொட்டிவிடுகிறேன். கோரை மட்டும் தண்ணீரிலேயே நிற்க விரும்பும். ஓட்டையில்லாத சாடியில் வைத்து இரண்டு கப்பி மீன் விட்டிருக்கிறேன். ஒரு குடம்பியும் மிஞ்சுவதில்லை.

செடிகளில் குரோட்டன் தோல்வி, காற்றில் இலை கிழிந்து தொங்கியது. வரி இலை நந்தியாவட்டை தாக்குப்பிடிக்கிறது. இலையைக் கிள்ளினால் பால் வருவதுதான் அடையாளம். அலரி உப்புக்காற்றுக்கு அசையாது என்பார்கள், ஆனால் முழுச்செடியும் நஞ்சு. வீட்டில் எதையும் கடிக்கும் நாய்க்குட்டி இருப்பதால் அந்தப் பேச்சே எடுக்கவில்லை.

பிறகுதான் கல்கிசைக் கடற்கரையில் கண்ணெதிரே இருந்ததைக் கவனித்தேன். தடித்த பளபள இலை, இலைக்கக்கத்தில் வெள்ளைப் பட்டு மயிர், வெள்ளைக் காய். பூவைப் பார்த்தால் யாரோ பாதியைக் கிழித்து எறிந்ததுபோல் ஐந்து இதழும் ஒரே பக்கம். சிங்களத்தில் தக்கட, விஞ்ஞானப் பெயர் ஸ்கேவோலா டக்காடா. உப்பிலேயே வளர்கிற செடிக்கு என் பல்கனி எம்மாத்திரம்! நண்பன் வீட்டு வேலியிலிருந்து மூன்று தண்டு வெட்டிவந்து மணலில் ஊன்றினேன். ஒன்று அழுகிவிட்டது. மற்ற இரண்டிலும் நேற்று புது இலை.