நடைபாதையில் ஓட்டக்கூடாது என்று சொன்ன நாள்

2019 நவம்பர் 4, திங்கட்கிழமை. சிங்கப்பூரின் தோ பாயோவில் ஒரு கோப்பிக்கடை வாசலில் நாசி லெமாக் பொட்டலத்துக்காகக் காத்துக்கொண்டிருந்தேன். உணவு விநியோகம் செய்யும் எங்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. அதில் விடாமல் செய்தி வந்துகொண்டிருந்தது. நாடாளுமன்றத்தில் மூத்த துணை அமைச்சர் லாம் பின் மின் அறிவித்துவிட்டார், மறுநாள் முதல் நடைபாதையில் மின்ஸ்கூட்டர் (நின்றுகொண்டு ஓட்டும் சிறிய மின்வண்டி) ஓட்டக்கூடாது என்று.

மறுநாள் முதல்! பொட்டலத்தை வாங்கிப் பையில் வைத்தேன். என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். கொண்டுபோய்க் கொடுக்க வேண்டிய வீடு நான்கு அடுக்குமாடி புளோக் தள்ளி இருந்தது. போகிற வழி முழுக்க நடைபாதைதான்.

அப்போது தினமும் காலை 11 மணியிலிருந்து மதியம் 2 மணி வரைதான் வேலை செய்வேன். அம்மாவுக்கு இரண்டு முட்டியும் தேய்ந்துபோயிருந்தன. அவரை விட்டுவிட்டு முழுநேர வேலைக்குப் போக முடியாது. வீட்டைச் சுற்றி இரண்டு கிலோமீட்டருக்குள் ஓட்டினால், சாப்பாட்டு நேரத்து ஆர்டர்களை முடித்துவிட்டு வீட்டுக்கு வந்து அவருக்குச் சோறு போட்டுவிடலாம். எனக்கு முதுகுவலி இருப்பதால் சைக்கிள் மிதிக்கத் தயக்கம். மின்ஸ்கூட்டர்தான் தோதாக இருந்தது.

முதலில் வைத்திருந்தது யாரோ ஓட்டி விற்ற பழைய வண்டி. யூஎல்2272 என்கிற தீப்பாதுகாப்புச் சான்றெல்லாம் அதற்குக் கிடையாது. அந்த ஆண்டு ஜூலையில் புக்கிட் பாத்தோக்கில் ஒரு வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் தீப்பிடித்து ஒருவர் இறந்துபோனார். எரிந்த மின்ஸ்கூட்டர்கள் அந்த வீட்டில் கிடந்தன. அந்தச் செய்தியைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. என் வண்டி வாசற்கதவுக்குப் பக்கத்தில்தான் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும். தீப்பிடித்தால் வெளியே ஓட வேறு வழி இல்லை. அம்மாவால் ஓடவும் முடியாது.

அடுத்த மாதமே கையில் இருந்த சேமிப்பை எடுத்துச் சான்று பெற்ற புது வண்டி வாங்கினேன். பழையதை, சான்றில்லாத வண்டிகளை ஒப்படைப்பவர்களுக்கு 100 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கொடுத்தார்களே, அந்தத் திட்டத்தில் கொடுத்துவிட்டேன். புதியதைப் பதிவு செய்து எண்ணையும் ஒட்டினேன். எடை 20 கிலோவுக்குள், அகலம் 70 சென்டிமீட்டருக்குள், உச்ச வேகம் 25 கிலோமீட்டர், நடைபாதையில் 10 கிலோமீட்டர். இத்தனைக்கும் கட்டுப்பட்டுத்தான் ஓட்டினேன். மூன்று மாதம்கூட முழுசாக ஓட்டியிருக்க மாட்டேன், தடை வந்துவிட்டது.

மின்கலம், எடை, வேகம் பற்றிய விதிகளில் எனக்கு ஒரு குறையும் இல்லை. 'என் வண்டி, என் இஷ்டம்' என்று குழுவில் சிலர் எழுதியபோது நான் சண்டையே போட்டேன். அடுக்குமாடியில் குடியிருக்கிறோம். என் வீட்டில் மின்கலம் வெடித்தால் மேல்மாடியில் இருக்கும் பாட்டிக்கும் புகை போகும். அவர் எந்த வண்டியையும் தேர்ந்தெடுக்கவில்லையே. சான்றில்லாத வண்டிகளை ஒழிப்பதற்கான கெடுவை 2020 ஜூலை 1-க்கு முன்னுக்குக் கொண்டுவந்ததும் சரியான முடிவுதான்.

நடைபாதை விஷயம் அப்படிச் சுலபமாகச் சொல்லிவிடக்கூடியதல்ல. 2019 செப்டம்பரில் பிடோக்கில் மின்ஸ்கூட்டர் மோதி, சைக்கிளில் வந்த 65 வயது மாது ஒருவர் இறந்தார். எங்கள் வீட்டிலும் நடந்திருக்கிறது. அதற்கு முந்தைய ஆண்டு பேருந்து நிறுத்தத்துக்குப் பின்னால் ஒரு பையன் வேகமாக உரசிக்கொண்டு போனதில் அம்மா விழுந்து மணிக்கட்டு வீங்கிவிட்டது. நான் வண்டி வாங்கிய நாளில் அவர் ஒன்றும் பேசவில்லை. தடை வந்த அன்றைக்குத்தான் வாயைத் திறந்தார்.

"நீ மெதுவாத்தான் ஓட்டுவ, எனக்குத் தெரியும்மா. பின்னாடி வர்றவன் யாருன்னு எனக்கு எப்படித் தெரியும்? ஒவ்வொரு தடவையும் உயிரே போயிடுது."

நான் பதில் சொல்லவில்லை. இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. மெதுவாக ஓட்டுகிறவளும் சத்தமில்லாமல்தான் பின்னால் வருகிறாள்.

ஆனாலும் ஒரே நாளில் செய்ததை என்னால் ஏற்க முடியவில்லை. அப்போது தீவு முழுவதும் சைக்கிள் பாதைகள் ஏறத்தாழ 440 கிலோமீட்டர். நடைபாதைகளோ 5,500 கிலோமீட்டர். சாலையில் மின்ஸ்கூட்டருக்கு ஏற்கெனவே அனுமதி இல்லை. இப்போது நடைபாதையும் இல்லை என்றால், காலாங் ஆற்றோரம் இருக்கும் பூங்கா இணைப்புப் பாதையில்தான் நான் ஓட்ட முடியும். அங்கே யார் வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுபோவது? ஆண்டு முடியும்வரை எச்சரிக்கை மட்டும், 2020 ஜனவரி 1 முதல் 2,000 வெள்ளி வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறை என்றார்கள். சிலர் நடைபாதையை ஒட்டிய புல்தரையில் ஓட்டிப் பார்த்தார்கள். அதுவும் கூடாது என்றாகிவிட்டது.

அந்த வாரம் தொகுதி உறுப்பினரின் மக்கள் சந்திப்புக்குப் போனேன். புளோக் கீழ்த்தளம் முழுக்க எங்கள் ஆட்கள். மலாய்க்காரத் தம்பி ஒருவன் கைக்குழந்தையோடு வந்திருந்தான். கத்தியவர்களும் இருந்தார்கள். பெரும்பாலோர் ஒன்றைத்தான் கேட்டார்கள்: "வேறு வண்டிக்கு மாற ஆறு மாதம் கொடுங்கள்."

பிறகு உணவு விநியோகம் செய்பவர்களுக்கென்று 70 லட்சம் வெள்ளியில் ஒரு மானியம் வந்தது. மின்ஸ்கூட்டரைக் கொடுத்துவிட்டு மின்சைக்கிளுக்கு மாறினால் 1,000 வெள்ளி வரை கிடைக்கும். மாறினேன். உதவி உதவிதான், மறுக்கவில்லை.

மின்சைக்கிளில் மிதித்தால்தான் மோட்டார் சேர்ந்து ஓடும். 25 கிலோமீட்டரைத் தொட்டதும் மோட்டார் நின்றுவிடும். முதுகு ஒருவழியாகப் பழகிவிட்டது. ஆனால் இதற்கும் நடைபாதையில் அனுமதி இல்லை. சாலையில் போகலாம், சைக்கிள் பாதையில் போகலாம், அவ்வளவுதான். மோட்டார் இல்லாத சைக்கிள் மட்டும் 10 கிலோமீட்டர் வேகத்தில் நடைபாதையில் போகலாம்.

அதனால் இப்போது நான் பேருந்துகளோடும் லாரிகளோடும் போகிறேன். தலைக்கவசம் இல்லாமல் கிளம்புவதில்லை. மின்சைக்கிள் ஓட்டுபவர்களுக்கு 2022-இல் கட்டாயமான, விதிகள் பற்றிய கோட்பாட்டுத் தேர்வையும் எழுதித் தேறினேன். மழை பெய்யும்போது லாரி பக்கத்தில் கடந்தால் கைப்பிடி நடுங்கும். நடப்பவர்களுக்கு ஆபத்து குறைந்திருக்கிறது, அதில் எனக்கு மனப்பூர்வமான நிம்மதி. அந்த ஆபத்தில் ஒரு பங்கு என் பக்கம் வந்திருக்கிறது. தடையைப் பற்றிப் பேசுகிறவர்கள் அதையும் சேர்த்துக் கணக்குப் போடவேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

அம்மா இப்போது வெளியே போவது, நடக்கச் சிரமப்படுபவர்கள் உட்கார்ந்து ஓட்டும் நான்கு சக்கர நடமாட்ட ஸ்கூட்டரில். ஈரச்சந்தைக்கு அவரே போய்விட்டு வருகிறார். நல்ல திடகாத்திரமான ஆட்களும் அதே வண்டியை வாங்கி நடைபாதையில் ஓட்ட ஆரம்பித்ததால் விதி இறுகியது. 10 கிலோமீட்டர் வேகம் 6 ஆகிறது, மருத்துவத் தேவைக்குச் சான்றும் வேண்டும். அம்மாவுக்கு வருத்தமே இல்லை. "ஆறு போதும், மீன் வாங்கப் போறதுக்கு என்ன அவசரம்?" என்கிறார்.

2030-க்குள் சைக்கிள் பாதைகளை ஏறத்தாழ 1,300 கிலோமீட்டருக்குக் கொண்டுபோகத் திட்டம் இருக்கிறது. நான் தினமும் பயந்துகொண்டே கடக்கும் ஒரு துண்டுச் சாலை உண்டு. கோப்பிக்கடையிலிருந்து எங்கள் புளோக் முனைவரை, சுமார் 400 மீட்டர். ஓரத்தில் புல்தரை அகலமாகவே இருக்கிறது, பாதை போட இடம் போதும். படம் எடுத்து, அளந்து, மூன்று முறை எழுதிப் போட்டிருக்கிறேன். பரிசீலிப்பதாகப் பதில் வந்திருக்கிறது. அடுத்த மாதம் நான்காவது முறையும் எழுதுவேன்.