கார்கோவ் என்று எழுதிய பெட்டி

ஒரு பெட்டியை உக்ரைனுக்கு அனுப்ப நான்கு முறை ரயில் ஏறினேன். ஸ்கார்பரோவின் கென்னடி நிலையத்திலிருந்து ஜேன் நிலையம்வரை, டொரன்டோ சுரங்க ரயிலின் பச்சைப் பாதையைக் கிட்டத்தட்ட முழுக்க அளந்துவிட்டேன், கையில் பதினொரு கிலோ பெட்டியோடு. காரில் போயிருக்கலாமே என்று கேட்பவர்கள், சனிக்கிழமை புளூர் தெருவில் வண்டி நிறுத்த இடம் தேடிப் பார்க்காதவர்கள்.

அக்கா மகன் கார்கிவ் நகரில் மருத்துவம் படித்தான். 2022 பிப்ரவரி 24 அன்று குண்டு விழத் தொடங்கியபோது, வீட்டுக்கார அம்மா அவனையும் இன்னும் மூன்று தமிழ்ப் பையன்களையும் அடுக்குமாடியின் நிலவறையில் ஆறு நாள் வைத்துச் சோறு போட்டார். மார்ச் 2 அன்று, உடனே நகரைவிட்டு வெளியேறுங்கள் என்று இந்தியத் தூதரகம் அறிவித்ததும், பையன்கள் நகருக்கு வெளியே இருக்கும் பிசோச்சின் என்ற ஊர்வரை நடந்தே போய்ப் பிழைத்தார்கள். அந்த அம்மா அங்கேயே தங்கிவிட்டார், இன்றும் அங்கேதான் இருக்கிறார். 2024 மார்ச்சில் நகரின் மின்நிலையங்களை ரஷ்ய ஏவுகணைகள் தகர்த்த பிறகு மின்சாரம் எப்போது வரும், எப்போது போகும் என்று சொல்ல முடியவில்லையாம். பெட்டி அவருக்குத்தான்: பவர் பேங்க் இரண்டு, நெற்றியில் மாட்டும் விளக்கு, குளிருக்கு உள்ளாடைகள், மூட்டுவலிக்குத் தைலம். "மாமா, கனடாவில்தான் உக்ரைன்காரர்கள் ஏராளமாக இருக்கிறார்களே, அனுப்ப வழி இருக்கும்" என்றான் அக்கா மகன். உண்மைதான். 2021 கணக்கெடுப்பில் தங்கள் பூர்வீகம் உக்ரைன் என்று சொன்னவர்கள் 12.5 லட்சத்துக்கும் மேல்.

முதல் பயணம் ஒரு பார்சல் நிறுவனத்துக்கு. கவுன்டரில் இருந்தவர் படிவத்தை ஒரு பார்வை பார்த்தார். "இந்த முகவரி செல்லாது. பவர் பேங்க் விமானத்தில் போகாது. அடுத்தவர் வாருங்கள்." ஏன் செல்லாது என்று கேட்டேன். என் தோளுக்கு மேலே அடுத்தவரைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்கு இன்னும் எரிகிறது.

பின்னால் நின்ற பெண்தான், பக்கத்துத் தெருவில் உக்ரைன் சமூகக் கூடம் இருக்கிறது, அங்கே கேளுங்கள் என்றார். அடுத்த வெள்ளிக்கிழமை அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு போனேன். கூடத்தின் அடித்தளத்தில் பதினைந்து பாட்டிகள் நீள மேஜையைச் சுற்றி உட்கார்ந்து வரேனிகி பிடித்துக்கொண்டிருந்தார்கள். வட்ட மாவுக்குள் உருளைக்கிழங்கு மசியலை வைத்து, நம் வீட்டில் சோமாசிக்கு ஓரம் மடிப்பதுபோல விரலால் நெருடி மூடுகிறார்கள். விற்ற பணம் கார்கிவில் ஒரு மருத்துவமனைக்கு. பார்சல்? சனிக்கிழமை காலை பத்திலிருந்து ஒன்றுவரை மட்டும். கதவில் அதை எழுதித்தான் ஒட்டியிருந்தார்கள், உக்ரைன் மொழியில். உறைய வைத்த வரேனிகி இரண்டு டஜன் வாங்கிக்கொண்டு, பெட்டியையும் தூக்கிக்கொண்டு திரும்பினேன். போவதற்கு முன் தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள். அங்கே இருப்பவர்கள் எல்லோரும் தொண்டர்கள், நமக்காக நாள் முழுக்கக் காத்திருக்க மாட்டார்கள்.

மூன்றாவது பயணத்தில்தான் அந்த மேஜைக்கு முன்னால் உட்கார்ந்தேன். மேஜைக்குப் பின்னால் எண்பதை நெருங்கும் ஓர் அம்மையார். எல்லோரும் 'பானி' என்று மரியாதையாக அழைத்தார்கள், நானும் அப்படியே அழைத்தேன். பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். தைலத்தின் காலாவதித் தேதியைக் கண்ணாடி போட்டுப் பார்த்தார். அக்கா திருநெல்வேலியிலிருந்து அனுப்பியிருந்த சாம்பார் பொடிப் பொட்டலத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். பெயர் ஒட்டாத பழுப்புப் பொடி. "எல்லைச் சோதனையில் இதை என்னவென்று சொல்வார்கள், தெரியுமா?" என்று கேட்டுவிட்டு என் பக்கம் தள்ளினார். நியாயம்தான். வீட்டில் செய்த எதையும் வைக்காதீர்கள்.

பிறகு முகவரிச் சீட்டைப் படித்தார். முகம் மாறியது.

அக்கா மகன் சொன்னதைச் சொன்னபடி எழுதியிருந்தேன்: கார்கோவ், மாஸ்கோ அவென்யூ. அவனுடைய கல்லூரியில் எல்லோரும் ரஷ்ய மொழியில்தான் பேசினார்கள், அவன் கற்றதும் அதுதான். பானி கறுப்பு மார்க்கரை எடுத்துக் கார்கோவின் மேல் கோடு கிழித்தார். இரண்டாவது முறையும் கிழித்தார், அட்டை கிழிந்துவிடுமோ என்று பயந்தேன். "கார்கிவ்" என்றார். கார்கோவ் என்பது ரஷ்ய உச்சரிப்பு. மாஸ்கோ அவென்யூ என்றொரு தெருவே இப்போது அங்கே இல்லை. 2022 மே மாதத்திலேயே அதைக் கார்கிவ் வீரர்கள் அவென்யூ என்று மாற்றிவிட்டார்கள். பார்சல் கவுன்டர்காரர் 'செல்லாது' என்றது இதைத்தான். ஒரு வாக்கியத்தில் சொல்லியிருந்தால் என் வெள்ளிக்கிழமை மிஞ்சியிருக்கும்.

பெயரும் தகராறு. யெலேனா என்பது உக்ரைன் மொழியில் ஒலேனா, நிக்கலாய் என்பது மிக்கோலா. அடையாள அட்டையில் இருப்பது ஒன்று, பையன்கள் கூப்பிட்டுப் பழகியது இன்னொன்று. பெட்டி போய்ச் சேர்ந்தாலும் பெயர் பொருந்தாவிட்டால் கையில் கிடைக்காது. தெரு முகவரியே தேவையில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. அங்கே நோவா போஷ்தா என்ற தனியார் அஞ்சல் நிறுவனத்தின் கிளை எண்ணும், +380 என்று தொடங்கும் கைபேசி எண்ணும், அட்டையில் உள்ளபடி முழுப் பெயரும் போதும். பெறுபவர் கிளைக்குப் போய் வாங்கிக்கொள்வார். இந்த மூன்றை மட்டும் முதலிலேயே வாங்கி வைத்துக்கொண்டால் நான் பட்ட பாட்டில் முக்கால்வாசி மிச்சம்.

ஒரு தெருப் பெயருக்கா இவ்வளவு என்ற எரிச்சல் என் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். பானி சுவரைக் காட்டினார். முதல் உலகப் போர்க்கால முள்வேலி முகாம்களின் படங்கள். 1914 முதல் 1920 வரை கனடா அரசு ஆயிரக்கணக்கான உக்ரைன்காரர்களை எதிரி நாட்டார் என்று அடைத்து வைத்தது. பதிவேட்டில் அவர்கள் உக்ரைன்காரர்கள்கூட இல்லை, ஆஸ்திரியர்கள். பானி பிறந்தது 1947இல், ஜெர்மனியில் ஓர் அகதி முகாமில். அங்கே அவரைப் போலந்துக்காரி என்று எழுதினார்களாம். உக்ரைனில் ஒரு நாள்கூட வாழ்ந்ததில்லை, மொழியைக் கற்றது டொரன்டோவின் சனிக்கிழமைப் பள்ளியில். "எங்கள் பெயரை எல்லா மேஜையிலும் யாரோ தப்பாக எழுதிக்கொண்டே இருந்தார்கள். இந்த மேஜையில் நான் உட்கார்ந்திருக்கிறேன்" என்றார். என் ஊரை வெள்ளைக்காரன் 'தின்னவேலி' என்று எழுதி வைத்தது நினைவுக்கு வந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

சரியான விவரம் வர நான்கு நாள் ஆனது, அந்த அம்மாவின் கைபேசியில் சார்ஜ் இல்லை. நான்காவது பயணம் பத்து நிமிடத்தில் முடிந்தது. ஒவ்வொரு பொருளுக்கும் எண்ணிக்கை, டாலர் மதிப்பு, எடை எழுதினால் போதும். பவர் பேங்குக்காகக் கப்பல் வழி. உக்ரைனின் வான்வழி 2022 பிப்ரவரியிலிருந்தே மூடிக் கிடப்பதால் எந்த வழியில் அனுப்பினாலும் கடைசித் தூரம் லாரியில்தான், பெரும்பாலும் போலந்து வழியாக. மேஜையில் இரண்டு நன்கொடை டப்பாக்கள் இருந்தன. மருத்துவமனை டப்பாவில் போட்டால் வரிச்சலுகை ரசீது உண்டு. படைவீரர் டப்பாவில் போட்டால் கிடையாது, கனடாவில் பதிவுபெற்ற அறக்கட்டளைகள் வெளிநாட்டு ராணுவத்துக்கு உதவ முடியாது. தனிநபருக்கு அனுப்பும் என்னுடைய பெட்டிக்கும் ரசீது இல்லை. கேட்டு ஏமாறாதீர்கள்.

ஏழு வாரம் கழித்துச் செய்தி வந்தது. அந்த அம்மா கையால் எழுதிய தாளின் படத்தை அக்கா மகன் எனக்கு அனுப்பினான், கூடவே ஒரு வரி: "மாமா, உக்ரைன் மொழியில் எழுதியிருக்கிறார், எனக்குப் புரியவில்லை." வாழ்நாள் முழுக்க ரஷ்ய மொழி பேசியவர் அவர். அடுத்த சனிக்கிழமை, பெட்டி எதுவும் இல்லாமல், ஐந்தாவது முறையாக ரயில் ஏறினேன். பானி கண்ணாடியை மாட்டிக்கொண்டு, திரையைப் பெரிதாக்கி, உதடு அசைய இரண்டு முறை படித்தார்.

"நன்றி சொல்லியிருக்கிறார். விளக்கு நன்றாக எரிகிறதாம். மூன்று எழுத்துப் பிழை" என்றார். பிறகு, அந்தப் படத்தைத் தன் கைபேசிக்கு அனுப்ப முடியுமா என்று கேட்டார்.