குச்சியைப் பிளந்து பார்: கருப்பு வால்நட் தேடல், இதுவரை

அக்ரூட்டின் அமெரிக்கச் சொந்தமான கருப்பு வால்நட் மரத்தை இலையை வைத்து அடையாளம் காண்பதை அநேகமாக விட்டுவிட்டேன். இந்தக் குளிர்காலம் முழுக்க மொட்டைக் கிளைகளைப் பார்த்தே பெயர் சொல்லிப் பழகுகிறேன். அமெரிக்காவின் ஒஹையோவில் எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் ஓடும் ஓடைக்கரை இதற்குத் தோதான இடம். ஈரம் தங்கும் வளமான கரை மண் என்றால் இந்த மரத்துக்குக் கொள்ளை ஆசை.

இலையில் என்ன சிக்கல்? நீண்ட காம்பின் இருபுறமும் சிற்றிலைகள் அடுக்கிய மரங்கள் இங்கே நிறைய. ஹிக்கரி என்ற மரத்தைக் கழித்துவிடலாம், அதற்குப் பெரும்பாலும் ஐந்து, ஏழு, ஒன்பது சிற்றிலைகள்தான். கருப்பு வால்நட்டில் 15 முதல் 23 வரை இருக்கும். நுனியில் இருக்க வேண்டிய ஒற்றைச் சிற்றிலை சிறுத்தோ, இல்லாமலோ போயிருக்கும். ஸ்டாக்ஹார்ன் சுமாக் என்ற குறுமரத்தின் இளங்கிளை முழுக்க வெல்வெட் போன்ற மயிர். குழப்புவது அய்லாந்தஸ் என்ற மரம்தான். வால்நட் சிற்றிலையின் விளிம்பு நெடுகிலும் ரம்பப் பற்கள். அய்லாந்தஸுக்கு அடிப்பகுதியில் மட்டும் ஒன்றிரண்டு பற்கள், மற்றபடி வழவழப்பு. கசக்கினால் கெட்டுப்போன கடலை வாடை. நம் ஊரில் தீக்குச்சிக்காக வளர்க்கும் பெருமரத்துக்கு, அதாவது பீநாறிக்கு, இது பங்காளி. வால்நட் இலையைக் கசக்கினால் காரமும் எலுமிச்சையும் கலந்த நல்ல வாசனை.

இதெல்லாம் இலை கைக்கு எட்டினால்தானே! வளர்ந்த மரத்தில் முதல் கிளையே அண்ணாந்து பார்க்கும் உயரத்தில் இருக்கிறது. அதோடு இது சோம்பேறி மரம். மற்றவையெல்லாம் பச்சை பிடித்த பிறகு, மே மாதத்தில்தான் துளிர்க்கும். செப்டம்பரிலேயே மஞ்சளாகி உதிர ஆரம்பித்துவிடும்.

குச்சி அப்படியல்ல. காற்றில் ஒடிந்து விழுந்த பென்சில் கனமுள்ள குச்சி ஒன்று போதும். கத்தியால் நீளவாக்கில் பிளந்தால் நடுச்சோறு, அதாவது குச்சியின் நடுவிலுள்ள மெத்தென்ற பகுதி, தொடர்ச்சியாக இருக்காது. குறுக்கே காகிதம் போன்ற மெல்லிய தடுப்புகள். இரண்டு தடுப்புகளுக்கு நடுவே வெற்று அறை. ஹிக்கரியிலும் அய்லாந்தஸிலும் இந்த அறைகள் கிடையாது. அடுத்தது இலை உதிர்ந்த தழும்பு. மூன்று மடல்களாக, ஒவ்வொன்றிலும் சாறு ஓடிய குழாய்களின் புள்ளிக் கூட்டத்தோடு, குரங்கு முகம் என்று இங்குள்ளவர்கள் சொல்வதற்குப் பொருத்தமாகவே இருக்கிறது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் பொழுது போவதே தெரியாது.

இந்தத் தழும்புதான் என்னைப் பட்டர்நட் பக்கம் இழுத்தது. அதுவும் வால்நட் இனமே. ஆனால் தழும்பின் மேல் விளிம்பில் கருப்பு வால்நட்டுக்குப் பள்ளம் விழுந்திருக்கும். பட்டர்நட்டுக்கு விளிம்பு நேராக, அதன் மேல் அடர்ந்த மயிர்ப்பட்டை. நடுச்சோறும் முன்னதில் வெளிர்பழுப்பு, பின்னதில் அடர்பழுப்பு. 1967இல் விஸ்கான்சினில் முதன்முதலாகப் பதிவான ஒரு பூஞ்சை நோய், பட்டையில் புண் வைத்து, பட்டர்நட் மரங்களை அவை வளரும் இடங்கள் முழுக்க வாரிக்கொண்டு போய்விட்டது. ஓடை திரும்பும் இடத்தில், சாம்பல் நிறப் பட்டையில் தட்டையான மேடுகளோடு ஒரு மரம் நிற்கிறது. தழும்பின் மேல் மயிர்ப்பட்டை இருக்கிறது, நடுச்சோறும் அடர்பழுப்புதான். ஆனாலும் பட்டர்நட் என்று குறிப்பேட்டில் எழுதவில்லை. ஜப்பானிய வால்நட்டோடு கலந்த மரங்களுக்கும் அந்த மயிர் உண்டு. கலப்பினங்கள்தான் பெரும்பாலும் நோயைத் தாங்கி நிற்கின்றன. இது இத்தனை செழிப்பாக இருப்பதே எனக்குச் சந்தேகம்.

காய்களைப் பற்றியும் கொஞ்சம். கடையில் வாங்கும் அக்ரூட்டின் பச்சைத் தோல் பழுத்ததும் தானே வெடித்துக் கழன்றுவிடும். கருப்பு வால்நட்டின் தோல் வெடிக்காது; பந்து போல முழுசாக விழுந்து, கறுத்து அழுகும். கையுறை இல்லாமல் உரித்தால் பழுப்புக் கறை வாரக்கணக்கில் போகாது. உரித்ததைத் தண்ணீரில் போட்டு, மிதப்பவற்றைக் கழித்துவிட்டு, மூழ்கியவற்றை நிழலில் சில வாரம் உலர்த்துகிறேன். பாக்குவெட்டியெல்லாம் இதனிடம் செல்லாது; பட்டறை இடுக்கிதான். கிடைக்கும் பருப்பு கொஞ்சம், வாசனை ஏராளம்.

தோட்டம் போடுகிறவர்கள் கேட்கும் கேள்வி ஜுக்லோன் பற்றியது. வேரிலும் இலையிலும் காய்த்தோலிலும் இருக்கும் இந்தப் பொருள் பக்கத்துச் செடிகளை வாட்டும் என்பார்கள். பாதிக்கப்படும் பட்டியலில் தக்காளி, கத்தரி, மிளகாய் மூன்றும் வருகின்றன. சாம்பாருக்கு வேறென்ன மிச்சம்? ஆய்வகத்தில் தெளிவாகத் தெரியும் இந்த நஞ்சு, நிலத்தில் எவ்வளவு வேலை செய்கிறது என்று கேள்வி எழுப்புகிறவர்களும் உண்டு. நிழலுக்கும் வேர்ப்போட்டிக்கும் பாதிப் பழி போக வேண்டும் என்பது என் கட்சி. ஆனாலும் அவரையையும் வெங்காயத்தையும் மட்டுமே மரத்துப் பக்கம் வைக்கிறேன்.

ஓடை திரும்பும் இடத்து மரத்துக்கு மரபணுச் சோதனைதான் தீர்ப்பு சொல்லும். மே மாதம் துளிர்த்ததும் இலை மாதிரி எடுத்து அனுப்ப உறைகள் வாங்கி வைத்திருக்கிறேன். அதற்குள் அக்கரையில் இருக்கும் மரங்களின் குச்சிகளையும் பிளந்து பார்த்துவிட வேண்டும்.