மூன்று மணி நிழல்

மார்ச் 30

காலையில் மாடித் தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றப் போனபோதுதான் கவனித்தேன். பழுக்கத் தயாராக இருந்த தக்காளியில், மேற்குப் பார்த்த பக்கம் மட்டும் வெள்ளையாக ஒரு திட்டு. தொட்டால் காகிதம் போல இருக்கிறது. பூச்சியும் இல்லை, நோயும் இல்லை; வெயில் சுட்ட புண். கீழே பூக்கள் காம்போடு உதிர்ந்து கிடக்கின்றன. பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டிவிட்டால் தக்காளிப் பூவின் மகரந்தம் கெட்டுப்போகும், பூ நிற்காது. வேலூரில் கத்திரி வெயில் பிறக்க இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் கிடக்கிறது.

போன வருஷத்து நிழல் வலையைப் பரணிலிருந்து இறக்கி உதறினேன். பச்சைத் தூளாகக் கொட்டியது. மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கிய வலை. யுவி (வெயிலின் புற ஊதாக் கதிரைத் தாங்க வைக்கும் பொருள்) சேர்க்காத பிளாஸ்டிக் ஒரே கோடையில் பொடிந்துவிட்டது. அந்தத் தூளைப் பெருக்கி அள்ளவே அரை மணி நேரம் ஆனது. தொட்டி மண்ணில் விழுந்தது விழுந்ததுதான்.

ஏப்ரல் 3

பஜாரில் மூன்று கடை ஏறி இறங்கினேன். எல்லோரும் முதலில் கேட்பது, "எத்தனை பர்சன்ட்?" 35, 50, 75, 90 என்று இருக்கிறது. வலை தடுக்கிற வெளிச்சத்தின் அளவு அது. ஒருவர் 75-ஐ விரித்துப் போட்டு, "நல்லா கெட்டியா இருக்கும்க்கா" என்றார். கார் நிறுத்துவதற்குக் கெட்டி நல்லது. தக்காளிக்கும் மிளகாய்க்கும் 35 போதும். கீரை, கொத்தமல்லி, நாற்றுத்தட்டுக்கு 50. என்னிடம் எல்லாம் கலந்து கிடப்பதால் 50 என்று முடிவு செய்தேன்.

"யுவி உண்டா?" என்றால் எல்லாக் கடையிலும் "இருக்கு, இருக்கு." எத்தனை வருஷம் தாங்கும் என்று பில்லில் எழுதித் தாருங்கள் என்றேன். இரண்டு கடையில் சிரித்தார்கள், ஒரு கடையில் எழுதிக் கொடுத்தார்கள். அங்கேயே வாங்கினேன். 3 மீட்டர் அகலம், நீளம் மீட்டருக்கு 95 ரூபாய். 4 மீட்டருக்கு 380.

ஏப்ரல் 6

பழைய பெயின்ட் வாளி நான்கில் சிமென்ட் கலவை ஊற்றி, ஒவ்வொன்றிலும் ஒரு சவுக்குக் கம்பு நட்டாயிற்று. வலை ஏழடி உயரத்தில். தாழக் கட்டினால் காற்று நின்று சூடு தங்கிவிடும், நமக்கும் தலை இடிக்கும். பக்கங்களை மூடவில்லை, தேனீ வந்து போக வேண்டுமே.

மகன் போனில் வெளிச்சம் அளக்கும் செயலி ஒன்றை இறக்கிக் கொடுத்தான். நண்பகலில் வெட்டவெளியில் 98,000 லக்ஸ், வலைக்குக் கீழே 31,000. போன் சொல்லும் எண்ணை அப்படியே நம்ப முடியாதுதான். ஆனால் ஒரே போனில், ஒரே நேரத்தில் அளந்த இரண்டு எண்ணின் விகிதம் பெரிதாகப் பொய் சொல்லாது. 50 என்று விற்றது 68 தடுக்கிறது! கடையில் போய்ச் சொன்னதற்கு, "கூடத்தானேக்கா இருக்கு, லாபம்தானே" என்கிறார்.

ஏப்ரல் 19

லாபத்தைப் பார்த்தேன். நடுவில் இருக்கும் மிளகாய்ச் செடிகள் நெட்டையாக வளர்ந்து, இலை அகன்று, மொட்டே இல்லாமல் நிற்கின்றன. வெளிச்சம் தேடிப் போகிற வளர்த்தி. மிளகாயை வலையின் கிழக்கு ஓரத்துக்கு நகர்த்தினேன், காலை வெயில் முழுசாகக் கிடைக்கும். நடுவிடம் கொத்தமல்லிக்கு. வெண்டையும் கொத்தவரையும் வெளியிலேயே இருக்கட்டும், அதுகளுக்கு வெயில் ஒரு பொருட்டில்லை.

ஏப்ரல் 27

அத்தை ஊரிலிருந்து வந்திருக்கிறார். சோழவந்தான்காரர், வெற்றிலைக் கொடிக்காலில் வளர்ந்தவர். நேற்று மூன்று மணிக்குக் காபி டம்ளரோடு மாடிக்கு வந்து, ஒரு பார்வை பார்த்தார்.

"ஏத்தா, செடி பந்தலுக்கு அடியில இருக்கு. நெழலு பக்கத்து வீட்டுக்குல்ல போகுது?"

இருபது நாளாக நானும்தான் மாடிக்கு வந்து போகிறேன், காலையிலும் சாயங்காலமும் மட்டும். உடனே சாக்பீஸ் எடுத்து வலையின் நிழலைத் தரையில் கோடு போட்டேன். மறுபடி நான்கு மணிக்கு ஒரு கோடு. இன்று பத்து மணியிலிருந்து ஆரம்பித்து மணிக்கொரு கோடு. நண்பகலில் நிழல் வலைக்கு நேர் கீழே. ஏப்ரல் கடைசியில் சூரியன் எங்கள் உச்சந்தலைக்கு மேல் வருகிற நாட்கள், கம்பின் நிழலே கம்பின் காலடியில் ஒடுங்கிவிடுகிறது. மூன்று மணிக்கு அதே நிழல் கிழக்கே ஆறடிக்கு மேல் தள்ளிப் போய்விட்டது. வெயில் உச்சத்தில் சுடுகிற நேரத்தில் மேற்கு வரிசைத் தக்காளிக்கு ஒரு சொட்டு நிழல் கிடையாது. வெள்ளைத் திட்டு ஏன் நிற்கவில்லை என்பது விளங்கிவிட்டது.

இன்னொரு 4 மீட்டர் வலை வாங்கலாமா என்றேன். அத்தை தன் பழைய வாயில் புடவை இரண்டைக் கொடுத்தார். மேற்குக் கம்புகளுக்கு இடையில் திரை மாதிரி தொங்கவிட்டேன். செலவு, கிளிப் பன்னிரண்டு. "கொடிக்காலுக்கு எவன் வல வாங்குனான்? அகத்தி வெதைய ஊனுவோம், கொடிக்கும் அதுதான் கொம்பு, நெழலுக்கும் அதுதான். கீரைய வேற பறிச்சுக்கிடலாம்" என்றார்.

மே 4

கத்திரி ஆரம்பம். செய்தியில் 41 டிகிரி. தொட்டிகளைச் சுற்றி ஈரச் சாக்கு கட்டினேன். செடி வைத்த கறுப்புப் பையின் மேற்குப் பக்க மண்ணில் விரல் வைக்க முடியவில்லை, வேர் எப்படித் தாங்கும்?

மே 11

நேற்று ராத்திரி சூறைக்காற்றோடு கோடை மழை. படபடவென்று சத்தம் கேட்டு ஓடினேன். வடகிழக்கு மூலையில் கட்டியிருந்த சணல் அறுந்து, வலை கொடி மாதிரி பறந்துகொண்டிருந்தது. கம்பு அசையவில்லை. தென்மேற்கு மூலைக்கு மட்டும் கம்பி போட்டு இறுக்கியிருந்தேன், சணல் தீர்ந்துபோனதால். அங்கே கம்பு வாளியோடு சாய்ந்து ஒரு தொட்டியை நசுக்கிவிட்டது. இனி எல்லா மூலையிலும் சணல்தான். அறுந்தால் சணல் அறுந்து போகட்டும், பத்து ரூபாய்க் கயிறு. புடவைகள் பாவம், அடுத்த வீட்டு டிஷ் ஆன்டெனாவில் சிக்கியிருந்தன. இனிமேல் மேகம் கறுத்தால் முதலில் புடவையை அவிழ்ப்பது.

மே 29

நேற்றோடு கத்திரி முடிந்தது. வலை 380, நான்கு கம்பு 320, சிமென்ட்டும் கயிறும் கிளிப்பும் 210. மொத்தம் 910 ரூபாய். புடவை கட்டிய பிறகு காய்த்த தக்காளியில் வெள்ளைத் திட்டு இரண்டே இரண்டில். பூ உதிர்வது நிற்கவில்லை. காற்றே கொதிக்கும்போது வலை என்ன செய்யும். கொத்தமல்லி மூன்று முறை பறித்தாயிற்று.

வலையை ஜூன் நடுவில் கழற்றலாம் என்று நினைக்கிறேன். அத்தை புடவை இரண்டையும் துவைத்து மடித்து எடுத்துக்கொண்டு ஊருக்குக் கிளம்பிவிட்டார். மேற்குப் பக்கம் இப்போதைக்குப் பழைய பெட்ஷீட்.